முதலில் காற்றை இறக்குங்கள்!

ஞாயிற்றுக்கிழமை மாலை பெருங்களத்தூர் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் கூட்டம் அத்தனையும் தாம்பரத்துக்குள் நுழைய முண்டிக்கொண்டிருக்கும். அந்த வரிசையில் பெரிய டயர் போட்ட தார் வண்டி ஒன்றிரண்டாவது கண்ணில் படும். ஒரு பாலைவனத்தின் பெயரைச் சுமந்துகொண்டு, முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவே ஊர்ந்துகொண்டிருக்கும். பாவம்! அது பார்த்த மணலெல்லாம் மழைக்குப் பிறகு வேளச்சேரி ரோட்டோரம் ஒதுங்கிக் கிடக்கும் மணல்தான்.

இப்படிப்பட்ட வண்டியை வாங்கியவருக்கு ஒருநாள் ஆசை வருவது இயல்பு. வண்டலூரில் திரும்பி கேளம்பாக்கம் ரோட்டைப் பிடித்தால் நேரே கோவளம். அங்கே கடற்கரை, நிறைய மணல். விடிகாலையில் ஆள் இருக்கமாட்டார்கள். நண்பன் ஒருவன் செல்போனைப் பிடித்துக்கொண்டால் வீடியோவும் ஆயிற்று. வண்டியை மணலில் இறக்கி நாலு சுற்று சுற்றினால் "ஆஃப்-ரோடு" ஆகிவிட்டது என்று நினைப்பு.

ஆசையில் தப்பில்லை. தப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, அது மணல் ஓட்டமே இல்லை. இரண்டு, அது ஓட்டக்கூடிய இடமும் இல்லை. முதலாவதைப் புரிந்துகொண்டால் இரண்டாவது தானாகவே புரியும்.

மணல் ஓட்டம் என்றால் என்ன என்று தெரிய வளைகுடாவுக்குத்தான் போக வேண்டும். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் துபாயிலோ ஷார்ஜாவிலோ வேலை பார்க்கும் ஒரு பிள்ளை இருப்பான். அவனைக் கேட்டால் சொல்வான். துபாயிலிருந்து ஹத்தா போகும் வழியில் அல் பதாயர் என்ற இடத்தில் செம்மணல் குன்றுகள் இருக்கின்றன. "பிக் ரெட்" என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். வார விடுமுறை நாட்களில் விடிகாலையிலேயே வண்டிகள் கூடிவிடும். அதில் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கென்றே தனியாக ஓட்டங்கள் உண்டு. பத்துப் பன்னிரண்டு வண்டி, முன்னால் ஒரு அனுபவசாலி, கடைசியில் இன்னொரு அனுபவசாலி, நடுவில் புதுமுகங்கள்.

வந்தவுடன் சீறிக்கொண்டு குன்றில் ஏறுவார்கள் என்றுதானே நினைக்கிறோம்? இல்லை. எல்லோரும் கீழே இறங்கி, டயர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, காற்றை இறக்குவார்கள்!

ரோட்டில் 32, 35 பி.எஸ்.ஐ. வைத்து ஓடிய டயரை 15 அளவுக்குக் கொண்டுவருவார்கள். காற்று குறைந்ததும் டயரின் அடிப்பக்கம் நீளவாக்கில் பரவும். வண்டியின் எடை கூடுதல் பரப்பில் பிரிந்துவிடும். மணலுக்குள் புதையாமல் மேலே மிதந்தபடி போகும். ஒட்டகத்தின் பாதம் அகலமாக, மெத்தென்று இருப்பதும் இதே கணக்குதான். அளவுக்கு மீறி இறக்கினால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், அதனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. ஓட்டம் முடிந்து ரோட்டுக்கு ஏறுமுன் கம்ப்ரசரால் மறுபடி காற்று நிரப்பியாக வேண்டும்.

இது நேற்று முளைத்த வித்தை அல்ல. ரால்ஃப் பாக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் 1920களிலும் 30களிலும் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் சாதாரண ஃபோர்டு கார்களை ஓட்டிப் பழகினார். கார் போகவே முடியாது என்று நினைத்திருந்த பெருமணல் கடலைக் கடந்தார். டயரில் காற்றைக் குறைப்பது, சிக்கிய சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு கொடுப்பது எல்லாம் அவரும் நண்பர்களும் பட்டுத் தெரிந்துகொண்டவை. பிறகு 1941-ல் காற்றில் நகரும் மணலின் இயற்பியல் பற்றி அவர் எழுதிய புத்தகம் அந்தத் துறைக்கே அடிப்படை நூலாயிற்று. வீரம் காட்டப் போனவர் மணலைப் படித்துவிட்டு வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மணலில் படிக்க நிறைய இருக்கிறது. காற்றடிக்கும் பக்கம் குன்று சாய்வாக, கொஞ்சம் இறுகி இருக்கும். மறுபக்கம் செங்குத்தாக, பொலபொலவென்று இருக்கும். காய்ந்த மணல் ஏறக்குறைய 34 டிகிரி சரிவுக்கு மேல் நிற்காது, சரிந்துவிடும். உச்சிக்கு அப்பால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஏறுகிறவன் கண்ணுக்குத் தெரியாது. நடுப்பகலில் நிழலே விழாது, பள்ளமும் மேடும் ஒன்றுபோலத் தோன்றும். புதியவர்களை விடிகாலையில் கூட்டிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். காலைக் குளிர்ச்சியில் மணலும் சற்று கெட்டியாக இருக்கும்.

அதனால்தான் சில பாடங்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஏறினால் நேராக ஏறு, இறங்கினால் நேராக இறங்கு. சரிவில் குறுக்கே திருப்பினால் வண்டி உருண்டுவிடும். பாதியில் நின்றுவிட்டால் திருப்பப் பார்க்காதே, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்கு. பிரேக்கை அழுத்தி நிறுத்தாதே, சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து வண்டி புதையும். ஆக்சிலரேட்டரை விட்டு, தானாக நிற்க விடு. முன்னால் போகும் வண்டி உச்சியைத் தாண்டி விலகிவிட்டது என்று தெரியும்வரை நீ ஏறாதே.

கடைசியாகச் சொன்னதைக் கவனித்தீர்களா? அது ஓட்டும் திறமை பற்றியது அல்ல, அடுத்தவனைப் பற்றியது. தொடக்கநிலைக் குழு ஓட்டத்தின் சாரமே அங்கேதான் இருக்கிறது.

ஒரு வண்டி சிக்கினால் மொத்த வரிசையும் நிற்கும். ஆளாளுக்கு மண்வெட்டியோடு இறங்குவார்கள். சிக்கியவன் செய்யும் முதல் தப்பு ஆக்சிலரேட்டரை மிதிப்பதுதான். மிதிக்க மிதிக்க வண்டி தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். "மிதிக்காதே, இறங்கி வா" என்று வாக்கி டாக்கியில் ஒரு குரல் வரும். மணலை அள்ளி, காற்றை இன்னும் கொஞ்சம் இறக்கி, அப்போதும் வராவிட்டால் கயிறு கட்டி இழுப்பார்கள். கயிற்றை எங்கே மாட்டுவது என்பதிலும் கண்டிப்பு உண்டு. டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் மாட்டக் கூடாது. அது உடைந்தால் குண்டு மாதிரி பறக்கும், அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. இழுக்கும்போது மற்றவர்கள் எல்லோரும் தள்ளி நிற்க வேண்டும்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது பழகிய பாடம். ஒருவனுக்கு வரும் நட்டத்தைப் பலர் சேர்ந்து சுமப்பதுதான் இன்சூரன்ஸ். குழுவாகப் போவதும் ஒரு பாலிசிதான். அதற்குப் பிரீமியம் பணமல்ல, நேரம். பத்து வண்டி வந்து, ஆளுக்கு ஒரு தடவை இருபது நிமிஷம் சிக்கினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அதில் சொந்த வண்டிக்காக நின்றது இருபது நிமிஷம், மற்றதெல்லாம் அடுத்தவனுக்காக நின்றது. இந்தக் கணக்கு பிடிக்காதவனுக்குக் குழுவில் இடமில்லை. தனியாகப் போகலாமே என்றால், வெயிலில், போன் சிக்னல் இல்லாத இடத்தில், தனியாகச் சிக்கியவனுக்கு எந்தப் பாலிசியும் கைகொடுக்காது. நிஜமான பாலிசியிலும் ஒன்று பார்க்க வேண்டும். ரோட்டை விட்டு இறங்கினால் காப்பீடு செல்லுமா, செல்லாதா? அதைப் படித்துவிட்டுத்தான் சாவியைத் திருக வேண்டும்.

இப்போது ஜி.எஸ்.டி. ரோட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு வண்டி நின்றுபோனால் என்ன நடக்கிறது? பின்னால் இருப்பவர் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள். இடது பக்கம் புகுந்து, பிளாட்பாரத்தில் ஏறி, எப்படியாவது தான் மட்டும் போய்விடப் பார்க்கிறார்கள். பாலைவனத்தில் அனுபவமே இல்லாத கடைசி ஆளின் வேகம்தான் மொத்த வரிசையின் வேகம். மணல் ஓட்டத்திலிருந்து தாம்பரத்துக்குக் கொண்டுவர வேண்டிய சாமான் பெரிய டயர் இல்லை, இந்தப் புத்திதான்.

சரி, கோவளத்துக்கு வருவோம். கடற்கரை பாலைவனம் அல்ல. அலை பட்டு இறுகிய ஈரமணல் ரோடு மாதிரி ஏமாற்றும், பத்தடி தள்ளி சக்கரம் முழுகிவிடும். அலை ஏறும் நேரத்தில் சிக்கினால் வண்டியை மீட்க மீனவர்களின் டிராக்டரைத் தேடி ஓட வேண்டும். உப்பு, வண்டியின் அடிப்பாகத்தை அரித்துவிடும். 2023 ஜனவரியிலிருந்து தார் பின்சக்கர ஓட்டத்தோடும் விற்பனைக்கு வருகிறது. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் நாலு சக்கரமும் உந்தும் வண்டிதானா என்பதைக்கூடப் பார்க்காமல் மணலில் இறக்குபவர்கள் உண்டு.

இதெல்லாம் ஓட்டுபவருக்கு வரும் நட்டம், அவர் பாடு. அவருடையது அல்லாத நட்டமும் ஒன்று இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை, சில வருடங்களில் ஏப்ரல் வரைக்கும், பங்குனி ஆமைகள் இந்தக் கரையில்தான் ஏறி முட்டையிடுகின்றன. ஒன்றரை அடி ஆழத்தில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள். குஞ்சு வெளியே வர ஒன்றரை மாதம் ஆகும். மேலே நின்று பார்த்தால் வெறும் மணல்தான் தெரியும். அதன்மேல் சக்கரம் ஏறினால் மணல் இறுகிவிடும். பொரிந்து வரும் குஞ்சு உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. அதற்கு டயர் தடம் ஒரு பெரிய பள்ளம். கடலை நோக்கி ஓட வேண்டியது அந்தத் தடத்துக்குள்ளேயே அலைந்து செத்துப்போகும்.

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. அதற்குக் காரணமாகப் பேசப்பட்டது இழுவலை, கார் அல்ல. ஆனால் கடலில் அத்தனை செத்த பிறகு, தப்பித்துக் கரையேறிய ஆமையின் முட்டைமேல் வீடியோவுக்காக வண்டி ஏற்றுவதை என்னவென்று சொல்வது? பங்குனி ஆமை 1972-ம் வருட வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆமை முட்டையிடும் இடங்களையும் மணல்மேடுகளையும் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கிறது.

"மீனவர்கள் டிராக்டர் ஓட்டவில்லையா?" என்று ஒரு கேள்வி வரும். ஓட்டுகிறார்கள். படகை இழுக்க, அவர்கள் படகு விடும் துறையில் மட்டும். அது அவர்கள் பிழைப்பு. பிழைப்பையும் பொழுதுபோக்கையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இதே கரையில் மணலைச் சரியாகக் கற்றவர்களும் இருக்கிறார்கள். 1988-ல் சென்னை மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக்கு ஒரு குழு தொடங்கினார்கள். சீசனில் ராத்திரி முழுக்க நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடக்கிறார்கள். முன்னால் அனுபவசாலி, பின்னால் புதியவர்கள். டார்ச் அடிக்கக் கூடாது, கூச்சல் கூடாது, தடத்தைப் பார்த்து முட்டை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வண்டி இல்லாத குறைதான், மற்றபடி அல் பதாயரில் சொல்லித்தரும் அதே பாடம்!

தமிழ்நாட்டிலேயே மணல்மேடு இல்லையா என்றால் இருக்கிறது. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் இரும்புச் சத்தால் சிவந்த மணல் மேடு மேடாகக் கிடக்கிறது. ஆனால் அங்கே பனையும் முந்திரியும் நிற்கின்றன, அய்யனார் கோவில் இருக்கிறது, கற்காலத்துச் சின்னஞ்சிறு கல் ஆயுதங்கள் அந்த மணலில் கிடைத்திருக்கின்றன. அதுவும் விளையாட்டு மைதானம் அல்ல.

பாலைவனம் மட்டும் இளப்பமா என்று கேட்டால், இல்லை. எமிரேட்ஸில் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் விதிகளில் செடி இருக்கும் இடத்தைச் சுற்றிப் போ, காஃப் மரத்தின் பக்கம் போகாதே, குப்பையைத் திரும்ப எடுத்து வா என்பதெல்லாம் உண்டு. காஃப் வேறெதுவும் இல்லை, நம்மூர்க் கோவில்களில் நிற்கும் வன்னி மரம்தான். அங்கே அது தேசிய மரம். நாம் கோவிலில் சுற்றி வருவதை அவர்கள் பாலைவனத்தில் சுற்றிப் போகிறார்கள்!

ஆகவே, மணல் ஆசை உள்ளவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டாம். பணம் சேர்த்து ஒருமுறை ஜெய்சல்மேர் பக்கம் போகலாம். துபாயில் அண்ணனோ சித்தப்பாவோ இருந்தால் அவரோடு ஒரு தொடக்கநிலை ஓட்டத்துக்குப் போகலாம். ஊரிலேயே பழகுவதென்றால், அனுமதி வாங்கிய தனியார் நிலத்தில், தெரிந்த ஒருவரோடு, குறைந்தது இன்னொரு வண்டியோடு பழகலாம். அதுவரை கோவளத்துக்கு நடந்து போங்கள். முடிந்தால் பிப்ரவரியில் ஒரு ராத்திரி ஆமைக் குழுவோடு நடந்து பாருங்கள்.

எங்கே போனாலும் முதல் வேலை ஒன்றுதான், காற்றை இறக்குவது. டயரில் மட்டும் இல்லை, தலையிலும்!