பேஸ் கிட்டார் எங்கே போனது?

மலாக்காவில் நம் இளைஞர்கள் பலர் வீட்டிலேயே பாடல் பதிவு செய்கிறார்கள். மகிழ்ச்சி! ஆனால், அப்பாடல்களில் பேஸ் கிட்டார் ஒன்று வீட்டையே அதிர வைக்கிறது. இல்லையேல் காணாமல் போகிறது. ஏன்?

நானும் இத்தவற்றைச் செய்தவன்தான். ஜாசின் வட்டாரத்தில், எங்கள் தோட்ட வீட்டின் பத்தடி அறையில் என் முதல் பாடலைக் கலவை செய்தேன். பேஸ் இடிபோல் முழங்கியதால் அதைக் குறைத்துவிட்டேன். பிறகு அப்பாவின் கைப்பேசியில் பாடலைப் போட்டேன். விரல் கொப்பளிக்கப் பயிற்சி செய்து பேஸ் வாசித்த தம்பி கேட்டான்: "அண்ணே, நான் வாசிச்சது எங்கே?" தலைகுனிந்தேன்.

காரணம் பின்னர்தான் புரிந்தது. பத்தடி இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கிடையே சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி தேங்கிப் பெருகும். பேஸ் கிட்டாரின் 'ஏ' தந்தியோ 55 ஹெர்ட்ஸ். ஆக, நான் குறைத்தது அறையின் முழக்கத்தை நம்பி! கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியோ அந்த ஆழத்தை எழுப்புவதே இல்லை.

ஆனால், ஒரு தந்தி அதிரும்போது அதன் இரு மடங்கு, மும்மடங்கு ஒலிகளும் உடன் பிறக்கின்றன. அவை காதில் விழுந்தால், கேட்காத அடிச்சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். எனவே, சத்தத்தைக் கூட்டுவது மட்டும் தீர்வன்று. 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை சற்றே உயர்த்திப் பாருங்கள். கம்பிரசரால் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யுங்கள். சிறிது டிஸ்டார்ஷன் சேருங்கள். காதணி ஒலிபெருக்கி, கார், கைப்பேசி மூன்றிலும் கேட்டபின் முடிவெடுங்கள்.

இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸை நம் பெற்றோர் சின்ன வானொலியிலேயே ரசித்தார்கள். அங்கே பேஸ் வெறும் அதிர்வல்ல; தனி மெட்டு. 1980-இல் வந்த 'நிழல்கள்' படப் பாடலை 2006-இல் 'வல்லவன்' தொகுப்பில் புதுப்பித்துக் காட்டியவர்கள், நம் நாட்டின் யோகி பியும் நட்சத்ராவும்தாம். நம்மால் முடியும்!

விலையுயர்ந்த கருவியைவிடப் பொறுமையான காதே முதலில் தேவை என்பது என் கருத்து. நம் பாடலை முதலில் கேட்பவர்கள் கைப்பேசியில் கேட்கும் நம் வீட்டாரே. அவர்கள் காதுக்கும் நம் உழைப்பு முழுமையாகப் போய்ச் சேரட்டும்.