பைக்ல கடகட சத்தமா? லோன் ஆப்பை மூடுங்க, டென்ஷனரைப் பாருங்க

காலையில் ஸ்டார்ட் பண்ணதும் இன்ஜின்ல கடகடன்னு ஒரு சத்தம். ஆபீஸ் போற நிறைய பேர் ரெண்டே முடிவுதான் எடுக்கிறாங்க. "ஓடுற வரை ஓடட்டும்", இல்லன்னா "வித்துட்டு புதுசு எடுத்துடலாம்". என் கணக்குல ரெண்டுமே நஷ்டம்.

பல நேரம் காரணம் டைமிங் செயின் டென்ஷனர். செயினைத் தளராம அழுத்திப் பிடிக்கிற சின்ன பாகம். பல கம்யூட்டர் பைக்குகளில் விலை சில நூறு ரூபாய்தான். அப்படியே விட்டால், ரொம்பத் தளர்ந்த செயின் பல் தாண்டி, வால்வு பிஸ்டன்ல இடிக்கலாம். அப்புறம் இன்ஜினையே பிரிக்கணும். பில் பல ஆயிரம்.

சரி, புது பைக்? 1,00,000 ரூபாய் கடன், 12% வட்டி, 36 மாதம்னு வைங்க. இஎம்ஐ சுமார் 3,321. வட்டி மட்டும் 19,500-க்கு மேல். ஒரு சத்தத்துக்கு இவ்வளவா?

இப்படிப் பண்ணுங்க:

1. வாரன்டி இருக்கான்னு முதல்ல பாருங்க.
2. டாப்பெட் சத்தமும் கிட்டத்தட்ட இப்படித்தான் கேட்கும். டாப்பெட், ஆயில் அளவு ரெண்டையும் செக் பண்ணிட்டு பாகம் மாத்தச் சொல்லுங்க.
3. மாத்தியும் சத்தம் போகலைன்னா செயினே தேய்ந்திருக்கலாம். எஸ்டிமேட் வாங்கிட்டு வேலையைக் கொடுங்க.
4. கெட்டி ஆயில் ஊத்தி சத்தத்தை அமுக்காதீங்க. தேய்மானம் உள்ளே நடந்துட்டேதான் இருக்கும்.

பலர் ரிப்பேரைத் தள்ளிப்போடுறது சோம்பலால இல்ல, மாசக் கடைசியில கையில காசு இல்லாததால. அதனால மாதம் 300 ரூபாய் பைக்குக்குன்னு தனியா ஒதுக்குங்க. வருஷத்துக்கு 3,600. சத்தம் கேட்ட வாரமே மெக்கானிக்கிட்ட போகலாம், சம்பளத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.