பெயர் ஒன்றுதானே?

சங்க நூலகத்தில் ஒரு மாலை நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்த நண்பர் கேட்டார்: "ஏன் சார், ரஷ்ய அதிபர் விளாடிமிர், உக்ரைன் அதிபர் வொலோடிமிர். பெயர் ஒன்றுதானே? ஒரே மாதிரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?"

குறையும் என்பது என் கட்சி.

ஒரே பெயர் என்பது உண்மை. முற்பாதி 'ஆட்சி'யைக் குறிக்கும். பிற்பாதியை 'உலகம்' என்று கொண்டு 'உலகை ஆள்பவன்' எனப் பெயர்ப் புத்தகங்கள் எழுதிவிடுகின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய வடிவம் 'மேர்'. பெருமை, புகழ் என்ற பொருள் கொண்டது. அந்தச் சொல் வழக்கொழிந்தபின், பழகிய 'மிர்' என்ற சொல்லை மக்கள் அந்த இடத்தில் கேட்டுக்கொண்டார்கள். ஜெர்மானியரின் 'வால்டெமார்' இதற்கு உடன்பிறப்பு.

இப்பெயரை நிலைநாட்டியவர் கீவ் நகரை ஆண்ட ஓர் அரசர். 988-இல் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு 'வசீலி' என்ற கிரேக்கப் பெயர் இட்டார்கள். (அதற்கும் அரசன் என்ற பொருள்தான்!) ஆனாலும் பழைய பெயரே நிலைத்தது. பின்னாளில் புனிதராகப் போற்றப்பட்டதும் அந்தப் பெயரில்தான்.

'வொலோடிமிர்' என்பது ஏதோ கொச்சை, 'விளாடிமிர்' தான் செம்மை என்று நினைப்பவர்கள் உண்டு. கீவ் வட்டாரத்தின் பழைய பேச்சு வடிவம் 'வொலோடிமேர்'. 'விளாடிமிர்' தெற்கு ஸ்லாவியர் வழியாகத் தேவாலய மொழியில் வந்தது. லெனின்கிராடில் உள்ள 'கிராட்'டும் நோவ்கோரோடில் உள்ள 'கோரோட்'டும் ஒரே 'நகரம்' அல்லவா? அதே வேறுபாடுதான் இது. ரஷ்யர்களே விளாடிமிரை வீட்டில் 'வொலோத்யா' என்று செல்லமாக அழைப்பதுண்டு. லெனினையும் இளமையில் வீட்டார் அப்படித்தான் அழைத்தார்கள். அவருடைய இயற்பெயர் விளாடிமிர். நம் ஊரில் பிள்ளைகளுக்கு வைத்தது அவருடைய புனைபெயரை!

அந்தக் கீவ் அரசருக்குக் கீவில் 1853-லேயே சிலை எழுந்தது. மாஸ்கோவில், கிரெம்ளினுக்கு அருகே, 2016-இல் ஒரு சிலை திறந்தார்கள். 2021 ஜூலையில் புதின் ஒரு நீண்ட கட்டுரை எழுதி, ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள் என்று வாதித்தார். அந்த அரசரும் அதில் வருகிறார். 2022 பிப்ரவரியில் படைகள் எல்லை தாண்டின. ஆகவே 'ஒன்றுதானே' என்பதை அங்கே யாரும் சாதாரணமாகக் கேட்டுக்கொள்ள முடியாது. வேர் ஒன்றாக இருக்கலாம். அதற்காக ஒருவர் தம் பெயரைச் சொல்லும் விதத்தை இன்னொருவர் அழிக்க உரிமையில்லை. ஜெலன்ஸ்கி தம்மை வொலோடிமிர் என்கிறார். நாமும் அப்படியே எழுதுவோம்.

நண்பர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "தமிழில் எழுதினால் எல்லாமே கொஞ்சம் மாறத்தானே செய்யும்?" என்றார். அவர் பெயரில் ழகரம் உண்டு. இங்குள்ள வங்கியில் அதை 'ஜ' ஆக்கிக் கூப்பிட்டால், எழுந்துபோய் முதலில் திருத்திச் சொல்லிவிட்டுத்தான் காசோலையை நீட்டுவார்.