உப்புக் குளத்திலும் குளோரின் உண்டு

மரக்காணத்து உப்பளங்களில் வெயிலும் காற்றும் கடல்நீரை உப்பாக்குகின்றன. வீட்டு நீச்சல் குளத்தில் பொருத்தப்படும் உப்புநீர்க் குளோரின் கருவியோ, உப்பு கரைந்த நீரில் மின்சாரம் செலுத்திக் குளோரினை உண்டாக்குகிறது. ஆகவே, "எங்கள் குளத்தில் உப்பு மட்டுமே; குளோரின் இல்லை" என்னும் எண்ணம் பிழையானது. ஆஸ்துமா நோயாளி உள்ள இல்லத்தில் இப்பிழை தீங்காகவும் முடியலாம்.

இக்கருவி வேண்டாம் என்பதன்று நம் கருத்து. குளோரின் தூளை வீட்டில் சேமித்துக் கையாளும் இடர் இதனால் குறைகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 3 கிராம் உப்பே போதும். கடல்நீரிலோ சுமார் 35 கிராம் உண்டு. ஆயினும் உப்பளத்து உப்பை அப்படியே இடலாகாது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் மின்தகடுகளில் படிந்து குளோரின் உற்பத்தியைக் குறைக்கும். தூய்மையாக்கிய, அயோடின் சேராத உப்பே ஏற்றது.

கருவி ஓடுவதனாலேயே நீர் தூய்மையாகிவிடாது. இக்கருவி நீரின் பி.எச். அளவை மெல்ல உயர்த்தும். அது உயர்ந்தால் குளோரினின் ஆற்றல் குறையும். குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையும், பி.எச். 7.2 முதல் 7.8 வரையும் உள்ளனவா என நாள்தோறும் சோதித்தல் வேண்டும். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன்கள் கண்ணெரிச்சலையும் இருமலையும் தூண்டும். எனவே உடலைக் கழுவிய பின்னரே குளத்தில் இறங்குக. ஆறாத புண்ணோ தையலோ உள்ளவர்களும் வயிற்றுப்போக்கு உள்ளவர்களும் இறங்கலாகாது.

கருவி வாங்குவோர் சோதனைப் பெட்டியையும் உடன் வாங்குக. அதன் விலை சிறிது. நோயுற்றவருக்கு அது தரும் பாதுகாப்போ பெரிது.