அனுமதி பெற்ற கேலி

மேசைமேல் டாமினோஸ் பீட்சா, கேஎஃப்சி கோழி, டாக்கோ பெல் பொட்டலங்கள். சுற்றிலும் மனைவி, மாமனார், வாய்த்துடுக்கான இரண்டு பையன்கள், உயிர்த்தோழன். கார்ப் பந்தய வீரன் ரிக்கி பாபி கண்ணை மூடிக்கொண்டு குழந்தை ஏசுவிடம் ஜெபம் செய்கிறான். எடை எட்டு பவுண்டு ஆறு அவுன்ஸ் என்பதுவரை சொல்கிறான். ஏசு வளர்ந்து தாடியெல்லாம் வைத்தவர்தானே என்று மாமனார் முணுமுணுக்க, எனக்குக் கிறிஸ்துமஸ் ஏசுவைத்தான் பிடிக்கும், உங்கள் முறை வரும்போது நீங்கள் தாடிக்காரரைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்கிறான். அப்புறம் குரல்கூட மாறாமல், ஒவ்வொரு ஜெபத்திலும் பவரேட் பானத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தம் இருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறான். கோடையில் குடிக்க நன்றாக இருக்குமாம்.

ஆடம் மெக்கே இயக்கி, அவரும் வில் ஃபெரலும் சேர்ந்து எழுதி, 2006 ஆகஸ்டில் வெளிவந்த ‘டல்லடேகா நைட்ஸ்’ படத்தின் காட்சி இது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வேர்விட்ட ஸ்டாக் கார் பந்தய உலகைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கும் படம். இந்த இதழில் பகடி குறித்த கட்டுரைகள் வருவதால் அது நினைவுக்கு வந்தது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கேலிக்கு ஆளான நாஸ்கார் அமைப்பே ஓடுதளத்தைத் திறந்துவிட்டு, படப்பிடிப்புக்கு ஒத்துழைப்பும் கொடுத்தது. அன்றைய நட்சத்திர ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் படத்தில் தன் நிஜப் பெயரிலேயே வந்து ரிக்கியிடம் ஆட்டோகிராஃப் கேட்கிறார். கேலியும் கேலிக்கு ஆளானவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் என்ன ஆகும்?

கொஞ்சம் பூர்வீகம். மதுவிலக்குக் காலத்திலும் அதற்குப் பிறகும் மலைப்பகுதிகளில் கள்ளச்சாராயம் ஏற்றிக்கொண்டு போலீசுக்குத் தப்பி ஓடிய கார்களோடு பின்னிக்கிடக்கிறது இந்த விளையாட்டின் தொடக்கம். 1948இல் பில் ஃபிரான்ஸ் அதற்கு நாஸ்கார் என்று ஓர் அமைப்பை உண்டாக்கினார். அதன் பெரும் வீரர்களில் ஒருவரான ஜூனியர் ஜான்சன், சாராய வழக்கில் 1956இல் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றவர். முப்பது ஆண்டு கழித்து அதிபர் ரீகன் மன்னிப்பு வழங்கினார். 1960 டேடோனா பந்தயத்தில் அவர் கண்டுகொண்டதுதான் முன்னே போகும் காரின் வாலை ஒட்டியே ஓட்டும் உத்தி. முன்கார் காற்றைக் கிழித்துக் கொடுக்கும். பின்னால் வருபவருக்கு எதிர்க்காற்று குறையும். சமயம் பார்த்து விலகினால் கவணிலிருந்து கல் பறப்பதுபோல் முந்திவிடலாம்.

படத்தில் ‘ஷேக் அண்ட் பேக்’ என்று கூவி ரிக்கியும் தோழன் கேலும் செய்வது இதைத்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் காற்றைக் கிழிப்பது கேல், கோப்பையைத் தூக்குவது ரிக்கி. ஒரு தடவையாவது நான் ஜெயிக்கட்டுமா என்று கேல் கேட்பது ரிக்கிக்குப் புரிவதே இல்லை. முதலிடம் இல்லையென்றால் கடைசி இடம்தான் என்று சிறுவயதில் அப்பன் சொல்லிவிட்டுப் போன ஒரு வாக்கியத்தில் அவன் ஆயுள் முழுக்கத் தொங்குகிறது. பிறகொரு நாள் அதே அப்பன், அன்றைக்குப் போதையில் ஏதோ உளறினேன், இரண்டு மூன்று என்று எத்தனையோ இடம் இருக்கிறதே என்கிறான். படத்தின் ஆகச்சிறந்த நகைச்சுவை எனக்கு இதுதான்.

விளம்பரங்களைக் கேலி செய்வதில் படம் கூர்மையானது. முன்கண்ணாடியை மறைத்து ஒட்டிய பிஸ்கட் விளம்பரத்தால் பாதை தெரியவில்லை என்று ரிக்கியே ஒப்புக்கொள்கிறான். அந்த பிஸ்கட் பிடிக்குமாம், அதனால் ஒட்டிக்கொண்டானாம். மிகை என்று சொல்ல முடியாது. நிஜப் பந்தயத்தில் ஜெயித்தவர், ஒவ்வொரு ஸ்பான்சரின் தொப்பியையும் மாற்றி மாற்றி அணிந்து படத்துக்கு நிற்பது வழக்கம். ஆனால் படத்தில் சிரிப்புக்கு ஆளான அத்தனை நிறுவனங்களுக்கும் அது இலவச விளம்பரமோ விலைக்கு வாங்கிய விளம்பரமோ ஆயிற்று. யாருக்கும் வலிக்கவில்லை.

ரிக்கிக்கு எதிரியாக வரும் ழான் ஜிரார், ஃபார்முலா ஒன்னிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரன், ஓரினச்சேர்க்கையாளன்; ஓட்டிக்கொண்டே காப்பி குடிக்கிறான், காம்யூ படிக்கிறான். ஈராக் போருக்கு பிரான்ஸ் உடன்படவில்லை என்பதற்காக அமெரிக்க நாடாளுமன்ற உணவகத்தில் பிரெஞ்சு ஃப்ரைஸின் பெயரையே 2003இல் மாற்றியவர்கள் மத்தியில் இந்தக் கதாபாத்திரம் வேலை செய்தது. கடைசியில் அந்த எதிரிக்கே ரிக்கி முத்தம் கொடுக்கும்போது, அரங்கில் சிரித்த கூட்டம் யாரைப் பார்த்துச் சிரித்தது என்பது கொஞ்சம் கலங்கித்தான் போகிறது. அதற்காக மெக்கேயைப் பாராட்டலாம். படம் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, கொலம்பியாவின் ஹுவான் பாப்லோ மோன்டோயா ஃபார்முலா ஒன்னை விட்டு நாஸ்காருக்கு வருவதாக அறிவித்தது தனி வேடிக்கை.

பந்தய உலகம் இந்தப் படத்தை மடியில் வைத்துக் கொஞ்சியது. ஸ்பான்சர் இல்லாமல் ரிக்கி ஓட்டும், ‘மீ’ என்று எழுதிய காரின் நகலை 2012இல் அதே டல்லடேகா ஓடுதளத்தில் நாஸ்கார் ஓட்டுநர் கர்ட் புஷ் ஓட்டினார். ரேடியோவில் பட வசனங்களையும் பேசினார். பகடிக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது என்பார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பின்னட்டைக்கு விளம்பரம் தருகிறேன் என்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு உள்ளே அவரைப் பற்றியே எழுதத் துணிந்த சிற்றிதழ்கள் எத்தனை நாள் ஓடின என்பது இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

மடியில் உட்கார்ந்தபடி பார்க்க முடியாத பக்கங்கள் உண்டு. வெண்டல் ஸ்காட் என்ற கறுப்பின ஓட்டுநர் 1963 டிசம்பரில் ஜாக்சன்வில்லில் நாஸ்காரின் உச்சத் தொடரில் ஒரு பந்தயத்தை ஜெயித்தார். அந்த இடத்தில் வேறொருவரை வெற்றியாளர் என்று அறிவித்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். கணக்கு தவறிவிட்டது என்று பிற்பாடு திருத்தினார்கள். 1973இல் பெரும் விபத்தில் சிக்கி அவருடைய ஓட்டம் ஏறக்குறைய முடிந்ததும் டல்லடேகாவில்தான். அவர் 1990இல் இறந்தார். நாஸ்கார் அந்த வெற்றிக்கான கோப்பையை அவர் குடும்பத்திடம் முறைப்படி கொடுத்தது 2021இல். முதலிடம் வந்தும் கடைசியில் நிறுத்தப்பட்டவர் கதை இது. ரிக்கியின் அப்பன் வாக்கியத்துக்கு இதைவிடக் கசப்பான நகைச்சுவை வாய்க்காது. டல்லடேகாவின் பெயரைத் தலைப்பில் தாங்கிய படத்தில் அவருடைய நிழல்கூட இல்லை. அதை எழுதிக்கொண்டு போய் ஓடுதளம் கேட்டிருந்தால், நாஸ்கார் அதே சிரிப்போடு கதவைத் திறந்திருக்கும் என்று நாங்கள் நம்பவில்லை.