தாள் கொடுத்தவர்கள்

எங்கள் வீட்டில் ஐந்து வேதாகமங்கள் இருக்கின்றன. கைப்பேசிச் செயலியையும் சேர்த்தால் ஆறு. உங்கள் வீட்டுப் பூசையறையில் தேவாரமும் கந்த சஷ்டிக் கவசமும் இருக்கலாம். அலமாரியின் மேல்தட்டில் தமிழாக்கத்துடன் குர்ஆன் இருக்கலாம். நினைத்தபோது கைக்கு எட்டும் நூலின் அருமை நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. அது கிடைக்காதவரைத்தான் கேட்க வேண்டும்.

சீனாவில் 1966இல் கலாசாரப் புரட்சி தொடங்கியபோது தேவாலயங்கள் மூடப்பட்டன. புத்தர் கோயில்களும் பள்ளிவாசல்களும்கூடத் தப்பவில்லை. செங்காவலர்கள் வீடு வீடாகத் தேடி, கிடைத்த சமய நூல்களை எரித்தார்கள். பத்தாண்டுகளுக்கும் மேலாக வேதாகமம் அச்சாகவே இல்லை. தப்பிய ஒன்றிரண்டு பிரதிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள் கிறிஸ்தவர்கள். இரவில் யாருக்கும் தெரியாமல் நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதினார்.

சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையரை அறிந்த நமக்கு இந்தத் தவிப்பு புரியும். கையிலிருக்கும் பிரதி அழிந்தால் நூலே போய்விடும் என்று அஞ்சியவர்கள்தான் இரவெல்லாம் விழித்திருந்து எழுதுவார்கள்.

1979இல் தேவாலயங்கள் மீண்டும் திறக்கத் தொடங்கின. மக்கள் வந்தார்கள், புத்தகம் போதவில்லை. 1981 ஜூன் 18ஆம் தேதி இரவு, ஓப்பன் டோர்ஸ் என்ற அமைப்பு பத்து லட்சம் சீன வேதாகமங்களைப் படகில் கொண்டுபோய் சுவாத்தோவ் அருகே ஒரு கடற்கரையில் இறக்கியது. நம் தியோச்சியூ அண்டை வீட்டாரின் பூர்வீகம் அந்த வட்டாரம்தான். எடை 200 டன்னுக்கும் மேல். நீர் புகாதபடி கட்டிய பொதிகளைக் கடலில் மிதக்கவிட்டுக் கரைக்கு இழுத்தார்கள். கரையில் காத்திருந்த உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் சுமந்து சென்றார்கள். பின்னர் காவலர்கள் வந்தார்கள். ஒரு பகுதி கடலுக்குப் போனது, சிலர் கைதானார்கள்.

இதில் எனக்கு இரண்டு மனம். அந்தத் துணிச்சலை மெச்சாமல் இருக்க முடியவில்லை. ஆனால் படகு திரும்பிப் போய்விட்டது; விலை கொடுத்தவர்கள் கரையில் இருந்தவர்கள். சீனத் திருச்சபைத் தலைவர்கள் இந்த முயற்சியைக் கண்டித்தார்கள். கொடுப்பவரின் ஆர்வம் வாங்குபவரின் கழுத்துக்குச் சுருக்காகிவிடக் கூடாது என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

சில ஆண்டுகளில் வேறொரு வழி பிறந்தது. நான்ஜிங் நகரில் அமிட்டி அச்சகம் தொடங்கப்பட்டது. சீனக் கிறிஸ்தவர்களும் உலக வேதாகமச் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து, அரசின் அனுமதியோடு நடத்திய வேலை அது. வெளிநாட்டினரின் காணிக்கையில் பெரும்பகுதி தாள் வாங்கப் போனது. வேதாகமத்துக்கென்றே மெல்லிய தாள் வேண்டும். அந்தச் செலவை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டதால் கிராமத்து விவசாயியும் வாங்கும் விலைக்குப் புத்தகம் கிடைத்தது. 2012க்குள் அங்கே அச்சான பிரதிகள், ஏற்றுமதியும் சேர்த்து, 10 கோடியைத் தொட்டன. குறை முழுதும் தீர்ந்துவிடவில்லை. அங்கே வேதாகமம் தேவாலயம் வழியாகத்தான் விற்கப்படுகிறது. 2018இல் இணையக் கடைகளிலிருந்தும் அகற்றப்பட்டது. ஆனாலும் ஓர் இரவுப் படகால் முடியாததைப் பொறுமையாக வாங்கிக் கொடுத்த தாள் செய்தது.

தாள் என்றதும் எனக்குத் தரங்கம்பாடி நினைவுக்கு வருகிறது. தமிழில் வேதாகமம் வந்ததும் இப்படித்தான். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்க் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அச்சு எந்திரத்தை லண்டனிலிருந்து ஒரு சங்கம் அனுப்பியது. ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். அவை அளவில் பெரியவை; அவற்றில் அச்சடித்தால் இருந்த தாள் போதாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்தில் பொறையாற்றில் தாள் ஆலையும் அமைத்தார்கள். புதிய ஏற்பாடு முழுவதும் 1715இல் அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் அதுவே முதல்.

தமிழகத்தைக் கண்ணால் பார்த்திராதவர்களும் அதற்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு சொல்கூடத் தமிழ் தெரியாதவர்கள் தமிழில் ஒரு புத்தகம் வரத் தாளும் ஈயமும் தந்தார்கள். அந்தக் கடனை அவர்களிடம் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அடுத்தவருக்குக் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும்.

இந்த ஊரில் யாருக்கு இல்லை என்று கேட்கிறீர்களா? உங்கள் புளோக்கில் வேலை செய்யும் மியன்மார் பணிப்பெண் கிறிஸ்தவராக இருக்கலாம். கோலாலம்பூரில் சின் இன அகதிகள் பலர் கிறிஸ்தவர்கள். அவர்களுக்கு ஆங்கில வேதாகமம் கொடுத்துவிட்டு நாம் புண்ணியம் தேடிக்கொண்டதாக நினைக்கிறோம். அம்மா பேசிய மொழியில் படிப்பதுதான் அவர்களுக்குப் படிப்பு. பார்வை மங்கிய பாட்டிக்கு அலமாரியில் புத்தகம் இருந்தும் இல்லாததுதான். அவருக்குப் பெரிய எழுத்துப் பதிப்பு வேண்டும், அல்லது பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க ஒரு பேரப்பிள்ளை வேண்டும்.

கிறிஸ்தவ வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். கேட்காதவர் கையில் திணிக்க வேண்டாம். பல சமயத்தவர் ஒன்றாக வாழும் நம் நாடுகளில் அது மரியாதையும் அல்ல. ஏற்கெனவே விசுவாசியாக இருந்தும் புத்தகம் இல்லாமல் தவிப்பவர் யார் என்று விசாரியுங்கள். எந்த மொழி, எந்த எழுத்தளவு, அச்சா ஒலிப்பதிவா என்று அவரையே கேளுங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேதாகமச் சங்கங்கள் உண்டு. பல மொழிப் பதிப்புகளைப் பற்றி அங்கே விசாரிக்கலாம். ஒரு பிரதியின் விலை, ஒரு குடும்பம் ஒருவேளை வெளியில் சாப்பிடும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

மற்ற சமயத்து அன்பர்களுக்கும் இது பொருந்தும். திருமுறையோ திருக்குறளோ, அதற்காக ஏங்கும் ஒருவர் உங்கள் சுற்றத்திலும் இருப்பார். அவர் யாரென்று இந்த வாரம் விசாரித்துப் பாருங்கள்.