வெயிலை அணைப்பதா, வயலை உழுவதா?

2022ஆம் ஆண்டைப் படுவான்கரை உழவர் மறக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஜனவரியில் 121 ரூபாவுக்கு விற்ற ஒரு லீற்றர் டீசல், ஜூன் இறுதியில் 460 ரூபாவாயிற்று. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. அந்தப் பட்டியலில் விவசாயமும் இருந்தது. பட்டியலில் இடம் கிடைத்தது. கான்களுடன் நின்ற வரிசையோ குறையவில்லை.

எருமை பூட்டி மிதித்த வயல்கள் இன்று யந்திரத்தையே நம்பியிருக்கின்றன. உழுவதற்கு உழவு யந்திரம், நீர் இறைக்கப் பம்பி, வெட்டுவதற்கு அறுவடை யந்திரம், வாய்க்கால் தூர் வாரப் பெக்கோ. இவை யாவும் அயல்நாட்டு எண்ணெயைக் குடித்தே அசைகின்றன. டொலர் தீர்ந்தால் எண்ணெய் தீரும். எண்ணெய் தீர்ந்தால் ஏர் நிற்கும். கொழும்பின் கஜானா வறண்டதற்கு உன்னிச்சைக் குளத்தடி வயல் தரிசு கிடக்க வேண்டுமா?

இதற்கு நேர்மாறான காட்சியொன்றையும் நாம் கண்டோம். 2025 ஏப்ரல் 13 முதல் 21 வரை, கூரைச் சூரிய மின்கலங்களைப் பகலில் மாலை 3 மணிவரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை மக்களைக் கேட்டது. புத்தாண்டு விடுமுறையில் மின்பாவனை குறைவாம். வெயில் தரும் மின்சாரம் மிகையாம்! சித்திரை மாதம் சிறுபோக உழவின் காலம். ஒருபுறம் மின்சாரத்தை வேண்டாமென்று தள்ளுகிறோம். மறுபுறம் அதே நாளில் டொலர் கொடுத்து வாங்கிய டீசலை வயலில் எரிக்கிறோம். இதைவிடப் பெரிய பேதைமை உண்டா?

டீசல் எஞ்சின் எண்ணெயின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே வேலையாக்குகிறது. எஞ்சியது வெப்பமாகவும் புகையாகவும் வீணாகிறது. மின் மோட்டாரோ பத்தில் ஒன்பது பங்கை வேலையாக்கவல்லது. இது கனவன்று. நோர்வேயின் ஒஸ்லோ மாநகரசபை, 2025 ஜனவரி முதல் தனது கட்டட வேலைத்தலங்கள் புகையற்றவையாக இருக்கவேண்டுமென விதித்துள்ளது. இந்தியாவின் சோனாலிகா கம்பனி 2020 டிசம்பரிலேயே மின் உழவு யந்திரத்தை அறிமுகஞ் செய்தது.

மின்யந்திரத்தின் விலை அதிகம் என்பார்கள். உண்மைதான். நாள் முழுதும் ஓடும் பெரிய அறுவடை யந்திரத்தை மின்கலத்தால் இயக்குவது இன்னும் கடினம் என்பார்கள். அதையும் மறுக்கவில்லை. ஆனால் மரத்தின் உச்சிக்கு ஏற முடியாதென்பதற்காக, கைக்கெட்டும் கனியையும் விடுவதா? பம்பியும், நெல் ஆலையும், கை உழவு யந்திரமும், சிறு மண்வெட்டி யந்திரமும் இன்றே மாறக்கூடியவை.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. கமநல சேவை நிலையந்தோறும் சூரிய மின்னேற்றும் கொட்டகை அமைக்கப்பட வேண்டும். தனி உழவன் தலையில் விலைச்சுமையை ஏற்றாது, கமக்காரர் அமைப்புகள் மின்யந்திரங்களை வாங்கி வாடகைக்கு விட இலகு கடன் வழங்கப்பட வேண்டும். பகலில் மிகையாகும் மின்சாரத்தை யந்திரங்களுக்குக் குறைந்த விலையில் தரவேண்டும்.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்காக அமெரிக்கக் கம்பனியின் மாபெரும் மண்வாரி யந்திரங்களை அரசாங்கம் கொண்டுவந்தது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது? வவுணதீவில் 10 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்துள்ளது. எமது மண்ணின் வெயில் மின்சாரமாகலாம். எமது வயலை உழ மட்டும் ஆகாதோ?

எம் பொறியியலாளர்கள் கணக்கைப் போட்டுக் காட்டட்டும். உழவர்கள் தத்தம் அமைப்புகளில் தீர்மானம் நிறைவேற்றட்டும். பாராளுமன்றம் சென்றோர் வாய் திறக்கட்டும். அடுத்த பஞ்சம் சொல்லிக்கொண்டு வராது. அது வரும் நாளிலும் எழுவான்கரைக்கு மேலே சூரியன் எழத்தான் போகிறான். அவனுக்கு டொலர் கொடுக்கத் தேவையில்லை.